ஆடாமல் வாங்கிய நாற்பத்திரண்டு

எங்கள் அணிக்கென்று தனிப்பெயர் இல்லை.
பெரிய அணியின் பெயரை எழுதி
பக்கத்தில் ஒரு சிறு கோடு,
கோட்டுக்கு அப்பால் ஓர் இரண்டு.
அந்த இரண்டுக்குள் இருபத்து மூன்று பேர் இருந்தோம்.
நான் கோல்கீப்பர்.

அவர்களுக்குச் சனிக்கிழமை மாலை, விளக்கு, மேளம்.
எங்களுக்குப் புதன் மதியம் ஒரு மணி,
ரயில்வே பணிமனைக்குப் பின்னாலிருந்த மைதானம்.
டிக்கெட் கிடையாது. வருகிறவர்களை
ஸினாயிதா விரல் நீட்டி எண்ணுவாள்:
ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புகிறவர்கள்,
யாருடைய மாமனாரோ ஒருவர்.
படிவத்தில் அறுபத்தொன்று என்று இருந்தால்
அந்த ஒன்று நாய்.

சட்டைகள் மேலிருந்து இறங்கி வரும்.
முதுகில் பெயரைப் பிய்த்த இடத்தில்
பசையின் தடம் மீந்திருக்கும்.
ரோதியோன் இரண்டு பருவம்
வேறொருவன் பெயரின் தழும்போடு ஓடினான்.
வெயில் சாய்ந்தால் படிக்கலாம்.

ஆட்களும் இறங்கி வருவார்கள்,
முழங்கால் ஆறியதா என்று பார்த்துக்கொள்ள,
அல்லது மேனேஜரிடம் வாய் கொடுத்ததற்காக.
பஸ்ஸில் முன் இருக்கை அவர்களுக்கு.
ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.
பெனால்டி மட்டும் அவர்கள்தான் அடிப்பார்கள்.

ஒரு வருடம் முதலிடத்தில் முடித்தோம்.
நிஜமாகவே. பதினேழு வெற்றி.
மேல் பிரிவில் எங்கள் பெரிய அணி இருந்தது.
ஒரே கிளப்பின் இரண்டு அணிகள்
ஒரே பிரிவில் ஆடக்கூடாது என்பது விதி.
இரண்டாவதாக வந்தவர்கள் ஏறிப் போனார்கள்.
எங்களுக்கு ஆளுக்கொரு கைக்கடிகாரம்,
கிளப் சின்னம் போட்டது,
கோடும் இரண்டும் போடாதது.
பயிற்சியாளர் வாலேரியன் ஹோர்தியோவிச்
அன்று தன் காசில் எல்லோருக்கும் பீர் வாங்கினார்;
நன்றி சொன்னவனைத் திட்டினார்.

பனிக்கால இடைவெளியில்
உடைமாற்றும் அறைக் கதவில் ஓர் அரைத்தாள்.
ஈரத்தில் மை ஊதாவாக வழிந்திருந்தது.
சாவியையும் சட்டையையும் திருப்பித் தரவேண்டிய தேதி மட்டும்
தெளிவாக இருந்தது.
மூன்று பேரை மேலே எடுத்துக்கொண்டார்கள்.
மற்றவர்கள் போலந்துக்கு ஆப்பிள் பறிக்க,
ஒடேசாத் துறைமுகத்துக்கு, மச்சானின் டயர் கடைக்கு.
ஸ்வ்யாதோஸ்லாவ் வெந்நீர்க் குழாய்மேல் காயப்போட்ட பூட்ஸை
எடுக்கவே வரவில்லை.

மீதிப் பதினான்கு ஆட்டங்களையும்
ஆடாமலே தோற்றோம்.
சங்க அலுவலகத்தில் யாரோ
அட்டவணை நெடுக மூன்று-பூஜ்யம் போட்டுக்கொண்டே போனார்.
மூன்று பதினான்கு நாற்பத்திரண்டு.

இப்போது தானியக் கிடங்கின் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே நேரம் கிடைக்கிறது.
மார்ச் இருபத்து நான்கு, வெளியூர்:
தரை இறுகியிருக்கும், பந்து தாறுமாறாகக் குதிக்கும்,
ஒன்றை விட்டிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன்.
ஏப்ரலில் அந்த இடதுகால்காரன்.
உதைக்குமுன் தோளைத் தாழ்த்துவான், எனக்குத் தெரியும்;
அவனுடைய மூன்றையும் பிடித்தேன்.
மே மாத மழையில் ரோதியோன் காலில் பட்டு உள்ளே போனதை
என்மேல் எழுதாதீர்கள்.
இப்படி ஒவ்வொன்றாய்.
இதுவரை இருபத்தாறைத் தடுத்திருக்கிறேன்.
ஒன்பது உள்ளே போய்விட்டன.
ஏழு இன்னும் காற்றில்.

போன வாரம் சோளம் ஏற்றி வந்த ஓட்டுநர்
சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.
'அந்த கோல்கீப்பர்தானே நீ?
அந்த வசந்தத்தில் உங்களை மூன்று-பூஜ்யம் ஜெயித்தோம்!'
சிரித்தான். பல் ஒன்று தங்கம்.

'யார் யார் அடித்தது?' என்றேன்.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
அவன் சிரிப்பை நிறுத்தி
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிஜமாகவே யோசித்தான்.
'ஒன்று நான்' என்றான்.
'உனக்கு இடப்பக்கம், தரையோடு.'

இருக்கும்.
அந்தப் பக்கம் விழ
எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதம்.